முந்திக்கொண்ட சிரிப்பு

குழாயிலிருந்து இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை. அதற்குள் அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டார்.

பக்கத்தில் இருந்த அவருடைய தையல்கார மனைவிக்குச் சுருக்கென்றது. டிவியில் பிளம்பர் குழாயில் கையை மட்டும்தான் வைத்திருந்தான். இவர் சிரித்து ஓய்ந்த பிறகுதான் அவன் திருகினான். தண்ணீர் குழாயை விட்டுவிட்டுக் கூரையிலிருந்து மாமனார் தலையில் கொட்டியது.

“நீங்க இதை முன்னாடியே பாத்துட்டீங்க!”

அவர் பாட்டுக்குத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரிமோட்டைப் பிடுங்கி டிவியை அணைத்தாள்.

சும்மாவா? ‘ஒரே ஒரு பாத்ரூம்’ தொடரை ஆறு வருஷமாக ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஒரு வீடு, நாலு மருமகள், வேலையை முடிக்கவே முடிக்காத ஒரு பிளம்பர். இரண்டாவது பாத்ரூம் வருமா வராதா என்று இன்றைக்குக் கடைசி எபிசோடில் தெரியும். காலையிலேயே செல்போனில் வந்துவிட்டது.

“ராத்திரி டிவியில சேர்ந்துதான் பாக்கணும். அதுக்கு முன்னாடி தொடக் கூடாது” என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். தைத்த துணியை வாங்க வந்த ஒருத்தி கதையைச் சொல்ல வாயெடுத்தபோது, பையைக் கையில் திணித்து வாசலோடு விரட்டினாள். அவ்வளவு விரதம் காத்தவள்!

“போனைக் குடுங்க.”

கொடுத்தார். பார்த்ததெல்லாம் அதில் பதிவாகியிருந்தது. மத்தியானமே முழுசாகப் பார்த்திருந்தார். சாப்பிட வந்த மனிதர் முதுகுவலி என்று கதவைச் சாத்திக்கொண்டாரே, அப்போதுதான்! போன வாரத்து எபிசோடையும் இதே மாதிரி முன்கூட்டியே பார்த்திருந்தார். அதற்கு முந்தையதையும்.

“அடப்பாவி மனுஷா! எல்லாத்தையுமா? பாத்துட்டு வந்து புதுசா பாக்கற மாதிரி என்ன ஒரு நடிப்பு! பேசாம அந்தத் தொடர்லயே உங்களுக்கு ஒரு வேஷம் குடுத்திருக்கலாம்!”

போனில் ஓடவிட்டுப் பார்த்தாள். சத்தமே இல்லை. வசனம் கீழே எழுத்தாக ஓடியது.

“ஓஹோ! பக்கத்து ரூம்ல மிஷின் ஓட்டிட்டிருக்கற எனக்குக் கேட்டுடக் கூடாதுன்னு சத்தத்தை அடைச்சுட்டு, எழுத்தைப் போட்டுப் படிச்சிருக்கீங்க. என்ன திருட்டு மூளை!”

சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை நங்கு நங்கென்று வைத்தாள்.

“ஒருத்தி வாய் வலிக்கக் கத்தறாளே, ஒரு வார்த்தை பதில் சொன்னா முத்து உதிர்ந்துடுமா? இதுக்குப் பேரு என்ன தெரியுமா? துரோகம்! ஒண்ணா பாக்கறதுக்கு இருந்ததே இது ஒண்ணுதான். அதையும் கெடுத்தாச்சு!”

கல்லுளிமங்கன்! எட்டிப் பார்த்தால், மனிதர் அணைந்து கிடந்த டிவியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ரிமோட்டும் கையுமாக விடுவிடுவென்று வந்து எதிரில் நின்றாள்.

“எதுக்கு இப்படிப் பண்ணினீங்க? எனக்குத் தெரிஞ்சாகணும்!”

அவர் நிமிர்ந்தார். “உள்ளேயிருந்து ஏதாவது சொன்னியா?”

“கிண்டலா?”

“கிண்டல் இல்ல. நீ எதிர்ல நின்னு கத்தினா மட்டும்தான் கேக்குது. டிவியில என்ன பேசறாங்கன்னே தெரியல. பட்டறையில இத்தனை வருஷம் லேத் மிஷின் இரைச்சல்லயே நின்னேனே, காது போயிடுச்சு. டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆச்சு.”

அவள் இன்னும் கிட்ட வந்தாள். கோபம் மட்டும் இறங்க மாட்டேன் என்றது.

“அதை என்கிட்ட சொல்றதுக்கு என்ன? ஒளிஞ்சு ஒளிஞ்சு படிச்சுட்டு வந்து எதுக்கு இந்த நாடகம்?”

“எந்த இடத்துல சிரிக்கணும்னு பாத்து வச்சுப்பேன். இன்னைக்குக் கொஞ்சம் முந்திட்டேன்.”

“நீங்க சிரிக்கலைன்னு இங்க யாரு அழுதா?” குரல் உடைந்தது. “சிரிக்காம உட்கார்ந்திருந்தா எனக்கென்ன குறைஞ்சா போயிடும்?”

அவர் அவள் கையிலிருந்த ரிமோட்டை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

“ஒவ்வொரு ஜோக்குக்கும் நீ சிரிச்சுட்டு, உடனே திரும்பி என் முகத்தைத்தான் பாக்கறே. நான் பேந்தப் பேந்த முழிச்சுட்டு உட்கார்ந்திருந்தா, உன் சிரிப்பு பாதியிலயே நின்னுடுது. அதுதான் எனக்குப் பொறுக்கல.”