நோர்ஜின் வரைந்த ஓநாய்

"உன் தம்பியைக் கொன்னது எது, நோர்ஜின்?" என்று கேட்டார் போலீஸ்காரர் கோம்போ.

"பேரைச் சொல்லக் கூடாதுங்க."

மங்கோலியப் புல்வெளியில் ஓநாயின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கோம்போ காகிதத்தை நீட்டினார். "அப்ப வரைஞ்சு காட்டு."

"வரையத் தெரியாதுங்க."

"நான் சொல்றேன். மூஞ்சி நீளமா இருக்கணும். காதை நிமித்து. வாலைத் தொங்கவிடு."

அவர் சொன்னபடியே வரைந்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த கணவன், அடுப்புக்கு வறட்டி எடுக்க வெளியே போனான்.

உடனே அவள் ஓநாயின் கால்களுக்கு நுனி வளைந்த பூட்ஸ் வரைந்தாள்.

"என்னம்மா இது?"

"ஓநாய்னா, வழக்கத்தை மீறி ஓநாய்னே சொல்லியிருப்பேங்க," என்று கிசுகிசுத்தாள். "இது பொண்டாட்டி சொல்லக் கூடாத பேரு."

வாசலில் யாரோ பூட்ஸிலிருந்து பனியை உதறும் சத்தம் கேட்டது.