உலகம் அழிய ஒரு நாள் லீவு

லீவு லெட்டரைப் படித்த மாதவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நாளை உலகம் அழியப் போவதால் ஒரு நாள் லீவு வேண்டும்... ஏம்ப்பா வெள்ளைச்சாமி, இது நீ எழுதினதா?"

"ஆமா சார். டிவில சொல்றாங்க. வெளிநாட்டுல என்னமோ மெஷினை ஓட விடறாங்களாம். பெரிய ஓட்டை விழுந்து பூமியே அதுக்குள்ள போயிருமாம். அருப்புக்கோட்டை போயி எங்க வீட்ல இருந்துக்கறேன் சார்."

2008 செப்டம்பர். எந்தச் சேனலைத் திருப்பினாலும் இதே பேச்சுதான்.

ஓசூரில் இரும்பை உருக்கி வார்க்கும் ஒரு ஃபவுண்டரிக்கு மாதவன் ஷிஃப்ட் இன்சார்ஜ். லீவு விஷயத்தில் மகா கறார். போன வாரம்தான் வெள்ளைச்சாமியின் இரண்டு லெட்டர்களைக் கிழித்துப் போட்டிருந்தார். ஆனால் விஞ்ஞானம் என்று வந்துவிட்டால் மனிதருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"உட்காரு. ஆதியில பொருள்னு ஒண்ணுமே கிடையாது. வெறும் சூடு. நம்ம உலையெல்லாம் அதுக்கு முன்னால ஜில் தண்ணி. அந்தச் சூட்டுல துகளும் பிறந்துச்சு, எதிர்த்துகளும் பிறந்துச்சு. ரெண்டும் மோதி மோதி அழிஞ்சு, நூறு கோடிக்கு ஒண்ணுதான் தப்பிச்சுது. அந்த மிச்சம்தான் நீ, நான், இந்த டேபிள் எல்லாம். எப்படி மிஞ்சிச்சுன்னு துகளை மோத விட்டுப் பார்க்கத்தான் அந்த மெஷின். புரியுதா?"

வெள்ளைச்சாமி சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"புரியுது சார். லீவு...?"

"போய்த் தொலை! உனக்குப் போய் விளக்கினேன் பாரு."

கையெழுத்துப் போட்டார். லெட்டரை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொன்னார். ஷிஃப்டே விழுந்து விழுந்து சிரித்தது.

மறுநாள் உலகம் அழியவில்லை. அதற்கடுத்த நாள் வெள்ளைச்சாமி வேலைக்கு வரவில்லை. நாலைந்து நாள் கழித்து மொட்டைத் தலையோடு வந்து நின்றான்.

"என்னய்யா, பூமி தப்பிச்சதுக்கு வேண்டுதலா? பழனியா, திருப்பதியா?"

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"அம்மா செத்துருச்சு சார். நான் போறப்பவே பேச்சு நின்னுருச்சு. வாயில பால் மட்டும் ஊத்துனேன்."

மாதவனுக்குச் சுருக்கென்றது.

"அடப்பாவி! அம்மாவுக்கு முடியலைன்னு எழுதியிருக்கலாமேப்பா?"

வெள்ளைச்சாமி நோட்டீஸ் போர்டைப் பார்த்தான். லெட்டர் இன்னும் அங்கேதான் இருந்தது.

"மொத ரெண்டு லெட்டர்லயும் அதைத்தான் சார் எழுதுனேன். 'லீவுன்னா எல்லாவனுக்கும் அம்மாதான் சீரியஸா'ன்னு கிழிச்சுப் போட்டீங்க. அதான் மூணாவதை நீங்க சிரிக்கிற மாதிரி எழுதுனேன்."