சாமான் பட்டியல்

அலுமினியக் குண்டான் ஒன்று தெருவில் உருண்டு போகும் சத்தம். நிலத்துக்காரரின் ஆட்கள் அவர்கள் குடிசையைக் காலி செய்த அன்று சோணையம்மாளுக்கு ஏழு வயது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

புரோக்கர் ஆண்டிச்சாமிக்கு அது தெரியாது.

"நர்சம்மா, பேங்க் ஏலத்துல நீங்க முழுப்பணம் கட்டி எடுத்த வீடு. நம்ம ஆளுக நாலு பேரு போனா ஒரு மணி நேரத்துல சாமான் தெருவுல கிடக்கும்."

"வேணாம்ணே. காலி வீடா ஒப்படைக்க வேண்டியது பேங்க். கேட்டு வாங்குறது என் உரிமை. சாவி ஆபீசர் கையிலருந்துதான் வரணும்."

"எம்புட்டு மாசம் ஆகுமோ!"

"ஆகட்டும்."

எட்டு மாதம் ஆனது. லீவு நாளெல்லாம் மனுவும் கையுமாக அலைந்தாள்.

ஏலம் போன அந்தத் திருமங்கலத்து வீட்டுக்கு பேங்க் ஆட்கள் போகும்போதெல்லாம், அதை அடமானம் வைத்துக் கடனைக் கட்டாத வெங்கடேஷ்பாபு தன் அம்மா ராதாமணியை வாசல்படியில் உட்கார வைத்துவிடுவான்.

"பெத்த தாயை நடுத்தெருவுல விடச் சொல்றீங்களா?"

தெருவே அவன் பக்கம். "ஒரு பொம்பளைக்கு இம்புட்டுக் கல்மனசா?" என்றாள் எதிர்வீட்டு சின்னத்தாய், சோணையம்மாளின் காதுபடவே.

சோணையம்மாள் அடுத்த மனுவை எழுதினாள்.

ஒருவழியாகக் கலெக்டர் உத்தரவோடு தாசில்தார் வந்தார். போலீஸ் வந்தது. வீட்டில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்கள்.

"டிவி?"

"என்னுது சார்" என்றான் வெங்கடேஷ்பாபு.

"பிரிட்ஜ், பீரோ?"

"என்னுது."

"கட்டில், மிக்ஸி, இன்வெர்ட்டர்?"

"எல்லாமே என்னுதுதான் சார். ஒண்ணு விடாம எழுதுங்க."

கையெழுத்துப் போட்டான். மினிலாரியில் ஏற்றினான். முன்சீட்டில் டிவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"தம்பி, அம்மா?" என்றார் தாசில்தார்.

"வண்டில இடமில்ல சார். அவங்க எங்கயாச்சும் பாத்துக்குவாங்க."

லாரி போய்விட்டது. ராதாமணி படியிலேயே இருந்தாள். சின்னத்தாய் தன் வீட்டுக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டாள்.

தாசில்தார் கையிலிருந்து சாவி சோணையம்மாளின் கைக்கு வந்தது.

"சார், இனிமே என்னைக் கேக்காம யாரும் உள்ள வர முடியாதுல்ல?"

"முடியாதும்மா. இது உங்க வீடு."

"அந்த மகனும்?"

"அவனுந்தான்."

அவள் கதவை அகலத் திறந்தாள்.

"வெயில்ல உக்காராதீங்கம்மா. உள்ள வாங்க."

மூன்று வருடம் ஆகிறது. ராதாமணி அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.