மருதாளின் கால் வீங்கிய விவரம்

அன்று ராயபுரம் வீட்டில் இருந்தவர்கள்: என் தம்பி ரத்தினசாமி, அவன் மனைவி ஆயம்மாள், கல்யாணம் நிச்சயமாகியிருந்த அவர்கள் மகள் மருதாள், மாப்பிள்ளையின் அம்மா குழந்தையம்மாள், பிறகு வந்த லேடி டாக்டர், நான். ஜன்னல் வழியாகப் பார்த்ததாகச் சொல்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்தக் கூடத்துக்கு ஜன்னலே கிடையாது.

சாமளாபுரத்திலிருந்து கொலுசுக்கு அளவு பார்க்க வந்திருந்தார் குழந்தையம்மாள். கொண்டுவந்த மாதிரிக் கொலுசு மருதாளின் கணுக்காலில் பூட்ட வரவில்லை. இரண்டு பாதமும் பன் மாதிரி உப்பியிருந்தன.

“ஏனுங்க சம்பந்தி, புள்ளைக்குக் காலு இப்படி வீங்கிக் கெடக்குது?”

“பனியன் கம்பெனியில செக்கிங்ல நிக்கறாளுங்க. ஆர்டர் அவசரமாம், ஒக்காரவே விடறதில்லீங்க,” என்றாள் ஆயம்மாள்.

“நானுந்தான் நாளெல்லாம் தறிக்கிட்ட நிக்கறேன். எனக்கு மொதல்ல காலு வீங்குனது எப்பன்னு கேளுங்க. பதினேழு வயசுல, எம்பையன் வயித்துல இருக்கறப்ப.”

ரத்தினசாமி துண்டை உதறித் தோளில் போட்டான். எங்கள் வீட்டுப் பெண்ணைப் பற்றி அப்படி ஒரு சொல் வாசலைத் தாண்டினால், இந்தக் கல்யாணம் மட்டுமல்ல, எந்தக் கல்யாணமும் அவளுக்கு நடக்காது. நானே போய் அடுத்த தெரு லேடி டாக்டரைக் கூட்டிவந்தேன்.

டாக்டர் மருதாளின் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். குழி விழுந்து மெதுவாக நிரம்பியது. காலையில் வடிந்துவிடுகிறதா, மூச்சு வாங்குகிறதா, முகம் வீங்குகிறதா என்று கேட்டார். உள்ளறையில் முழுதாகப் பார்த்துவிட்டு வந்து, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

“நாளெல்லாம் நின்னா நீர் கால்லயே தங்கிரும். படுக்கறப்ப தலகாணி மேல காலைத் தூக்கி வெச்சுக்கணும், ஊறுகாயைக் குறைக்கணும். வேற சந்தேகம் யாருக்கும் வேண்டாம்.”

குழந்தையம்மாள் கொஞ்சமும் கூசவில்லை.

“வந்ததுதான் வந்தீங்க, என் காலையும் ஒருக்காப் பாத்துருங்க. செருப்பே பத்தறதில்லீங்க. அவரு செருப்பைத்தான் மாட்டிட்டு வந்தேன்.”

டாக்டர் அழுத்தினார். அந்தக் குழி நிரம்ப இன்னும் நேரமாயிற்று. “நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க. டெஸ்ட் எடுக்கணும்,” என்றார்.

அந்த வாரமே குழந்தையம்மாள் திரும்ப வந்தார். முகத்தில் பழைய மிடுக்கு இல்லை.

“ஆவணி முகூர்த்தம் வேண்டாமுங்க சம்பந்தி. அது வரைக்கும் எனக்குத் தாங்காது. ஆனியிலயே முடிச்சிரலாம்.”

ஆயம்மாள் அழுதுவிட்டாள். இருதயமோ கிட்னியோ, பாவம் என்று நினைத்தோம். எதுவும் கேட்கவில்லை. சம்பந்தி வீட்டு வியாதியைத் துருவுவது எங்கள் வழக்கமில்லை.

கல்யாணம் அவசரமாக நடந்தது. ஐப்பசியில் சாமளாபுரத்து வீட்டில் தொட்டில் கட்டினார்கள். ராயபுரமே விரல் விட்டு எண்ணியது.

டீக்கடையில் எங்கள் தெரு சோணைமுத்து என் முகத்துக்கு நேராகவே கேட்டான்.

“என்னண்ணே, ஆனியில கல்யாணம், ஐப்பசியில ஆம்பளப் பிள்ளையாம்ல? கம்பெனி மாதிரி உங்க வீட்லயும் அவசர ஆர்டரா?”

டீயைக் குடித்து முடித்து, கிளாஸைக் கீழே வைத்தேன்.

“தொட்டில்ல கெடக்கறது மருதாளோட பையன் இல்லப்பா. அவ கொழுந்தன்.”