மாடியில் ஒரு போட்டிக் கம்பெனி

"ஒரே வருஷத்துல பிரீமியம் ரெண்டு மடங்கா? நான் மாடியில இருக்கற கம்பெனிக்கே போறேன்," என்று இன்சூரன்ஸ் கிளார்க்கிடம் எகிறிவிட்டு லிஃப்டுக்காகக் காத்து நின்றார் வாத்தியார்.

மாடியில் ஒரு மீசைக்காரர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். "கீழ இருக்கறவங்க கொள்ளைக்காரங்க சார். எங்ககிட்ட கொஞ்சம் கூட ஆகும், ஆனா மரியாதை இருக்கும்."

"ஏன் தம்பி இப்படி மூச்சு வாங்குது? டாக்டர்கிட்ட காட்டக் கூடாதா?"

"இன்சூரன்ஸ் எடுக்கக் கட்டுப்படியாகல சார்."

வாத்தியார் மறுபடி லிஃப்டில் இறங்கி, "அவங்களுக்கு நீங்களே தேவலை," என்று பழைய இடத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மூச்சிரைக்க உட்கார்ந்திருந்த கிளார்க், ஒட்டுமீசையை டிராயரில் போட்டார்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "அடுத்த மாசம் மூணாவது மாடியிலயும் ஒரு போட்டிக் கம்பெனி திறக்கறோம்."

"அதுக்கும் இதே மீசையா சார்?"

"இல்லப்பா. தாடி."