மூன்றாவது சிலிண்டர்

“இதை எங்கை எடுத்தனீர்?”

பட்டறைக் கிழவர் கணநாதனின் குரலில் பொலிஸ்காரனின் கடுப்பு இருந்தது. அனோஜனுக்குச் சுருக்கென்றது. காலையில் கரம்பொனிலிருந்து நண்பன் நிருபனின் ஓட்டோவில், உரப்பையால் சுற்றி, காலடியில் கிடத்தி, குழந்தையைப்போல அணைத்துப் பிடித்துக் கொண்டுவந்த எஞ்சின் அது.

“களவில்லை ஐயா. யாழ்ப்பாணத்தில ஒரு பழைய இரும்புக்கடையில வாங்கினனான்.”

அப்பாவின் ஒஸ்டின் கார், எஞ்சின் வெடித்து முற்றத்தில் நின்றது. அதில்தான் கோயிலுக்குப் போவேன் என்று கல்யாணப்பெண்ணான தங்கை நிருஜா ஒற்றைக்காலில் நின்றாள். தங்கையை அந்தக் காரில்தான் ஏற்றுவேன் என்று அப்பாவின் கடைசி நாட்களில் வாக்குக் கொடுத்தவன் அனோஜன். வாங்கிய எஞ்சினின் தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து, புதுப் பிஸ்டன் போட்டால் கார் ஓடும். அதற்குத்தான் வேலணையில் இந்த லேத் பட்டறை.

கணநாதன் எஞ்சினைத் துடைக்கவில்லை. கிறீஸ் அப்பியிருந்தபடியே மூன்றாவது சிலிண்டருக்குள் விரல்களை விட்டார்.

“இதுக்குள்ள ஒரு லைனர்க் குழாய் இறக்கிக் கிடக்கு. மேல் விளிம்பில ஒரு வெட்டு இருக்கும். தொட்டுப் பாரும்.”

அனோஜன் தொட்டான். நகநுனி அளவுக்கு ஒரு வெட்டு. இத்தனை நாள் வீட்டில் வைத்திருந்தும் அவன் கண்ணில் அது படவில்லை.

“எஞ்சின் மட்டுமோ கிடந்தது?” கிழவர் கேட்டார். “கதவு, சீற்று, வேற ஒண்டும் இல்லையோ?”

“இல்லை ஐயா.”

“உவர் முழுக் காரையும் கேப்பார் போல கிடக்கு,” என்று நிருபன் காதுக்குள் சிரித்தான். “விடு மச்சான். என்ர ஓட்டோவுக்குப் பூ கட்டுவம்.”

கணநாதன் ஓடிக்கொண்டிருந்த லேத்தை மற்றக் கையால் நிறுத்தினார். பட்டறை அடங்கி, கடற்காற்று தகரத்தில் உரசுவது கேட்டது.

“ஏலாது தம்பி. இதை நான் கடைய மாட்டன்.”

“ஏன் ஐயா? தேய்வு கூடிப்போச்சோ?”

“இல்லை. கடைஞ்சா நல்லா ஓடும்.”

“அப்ப என்ன?”

“கடைஞ்சா அந்த வெட்டு அழிஞ்சுபோம்.”

அனோஜனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “என்ர தங்கச்சியின்ர கலியாணம் ஐயா! உங்களுக்கு ஒரு பிழையான வெட்டோ பெரிசு?”

கிழவரின் விரல்கள் இன்னும் சிலிண்டருக்குள்ளேயே இருந்தன.

“பிழை என்ரதான். சண்டையால சாமான் வராத காலம். லொறி இரும்பில இந்த லைனரைக் கடைஞ்சனான். விடியக் கார் வேணுமெண்டு பெடியன் பக்கத்தில நிண்டு ஒரே ஆக்கினை. அந்த அவசரத்தில கை வழுக்கிப்போச்சு.”

“உங்கட வேலையெண்டா இன்னும் லேசுதானே அப்பு,” என்றான் நிருபன். “பிழையைத் திருத்தி விடுங்கோவன்.”

கணநாதன் அவனைப் பார்க்கவில்லை. கிறீஸ் பிசுபிசுத்த விரல்களால் அனோஜனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, அண்டைக்கு விடிய இந்த எஞ்சின் பூட்டின காரில குறிகட்டுவான் துறைக்கெண்டு போய் இண்டைவரை திரும்பாத என்ர மகனைப் பற்றி, அந்த இரும்புக்கடைக்காரன் ஏதும் சொன்னவனோ?”