ஒரு நாள் கழித்து வரும் பதில்

"என்னடி சின்னு, உங்க கம்பெனியும் என்னை வேணாம்னு சொல்லிடுச்சே!"

வரவேற்பறையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அண்ணி சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நாத்தனாருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்த நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பவளே அவள்தான். சொந்த அண்ணன் மனைவிக்கு ஒரு இன்டர்வியூகூட வாங்கித் தர முடியவில்லை என்றால் முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைத்துக்கொள்வது?

"முதல்ல மேல வாங்க அண்ணி, காபி குடிச்சுக்கிட்டே பேசலாம்."

சாப்பாட்டு நேரம். மாடியில் மேஜைகளெல்லாம் காலியாக இருந்தன. நாத்தனார் தன் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத. எனக்கு இது பழகிப்போச்சு. போட்ட இடத்துல எல்லாம் இதே கதைதான்," என்றாள் அண்ணி. "ஆனா ஒண்ணு. இன்னைக்கு ரெஸ்யூமே அனுப்பினா நாளைக்குச் சாயங்காலம்தான் பதில் வருது. அப்படின்னா யாரோ ஒருத்தர் உக்காந்து முழுசா படிச்சு, எடுக்கலாமா வேணாமான்னு யோசிச்சிருக்காங்கன்னுதானே அர்த்தம்? அந்த மட்டுக்கும் மரியாதைதான்."

நாத்தனார் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டிருந்தது.

அண்ணி ஒரு காலத்தில் சாஃப்ட்வேரில் பெரிய கை. பழைய ஆபீசில் அவளுக்கு 'ஹெட்மாஸ்டர்' என்றே பட்டப்பெயர். யார் எழுதிய புரோகிராமாக இருந்தாலும் தப்பைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள், மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்த மறுநாளே லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்துவிட்டாள். படுத்த படுக்கையான மாமியார் போய்ச்சேர ஏழெட்டு வருஷம் ஆயிற்று. அத்தனை வருஷமும் பெற்ற மகள் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு நிம்மதியாக வேலைக்குப் போய் வந்தாள்.

"எங்கம்மாவுக்காகத்தானே அண்ணி நீங்க..."

"ஆரம்பிச்சுட்டியா? கண்ணைக் கசக்காதடி. எனக்கும் அம்மாதான் அவங்க." அண்ணி அவள் முதுகில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள். "நான் சும்மா ஒண்ணும் வரல. ஆறு மாசமா புதுசா வந்ததெல்லாம் உக்காந்து படிச்சிருக்கேன். கூடப் படிக்கிற பசங்க ஆன்ட்டி ஆன்ட்டின்னுதான் கூப்பிடுதுங்க, போகட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும். என் ரெஸ்யூமேயைப் படிச்சவரு அதுல என்ன குறை கண்டாரு? சொன்னா திருத்திக்குவேன்."

"யாருமே படிக்கல அண்ணி."

அண்ணியின் சிரிப்பு அப்படியே நின்றது.

"எல்லாம் இந்த சாஃப்ட்வேர்தான் பார்க்குது," என்று நாத்தனார் திரையைத் திருப்பினாள். "கடைசி வேலைக்கும் இன்னைக்கும் நடுவுல ரெண்டு வருஷத்துக்கு மேல இடைவெளி இருந்தா, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஒதுக்கிடும். எங்க கண்ணுலயே காட்டாது. மேனேஜர்கிட்ட நேரா போயும் கேட்டுட்டேன். இது வழியா வராத ஆளை எடுக்கவே கூடாதுன்னு சொல்லிட்டாரு. எல்லா கம்பெனியிலயும் இப்ப இதேதான்."

"அந்த ரெண்டை அஞ்சு, பத்துன்னு மாத்த வேண்டியதுதானே?"

"மாத்த முடியாதாம். எழுதினவங்க அதை உள்ளயே ஆணி அடிச்ச மாதிரி வச்சுட்டாங்களாம். வித்தவங்களுக்கே அதுல கை வைக்க பயம்."

அண்ணிக்குள் இருந்த ஹெட்மாஸ்டர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அடப்பாவி! எவன்டி அவன்? இதையெல்லாம் வெளியில இருந்தே மாத்துற மாதிரி வைக்கணும்னு கத்துக்குட்டிக்குக்கூடத் தெரியுமே! எங்கிட்ட மட்டும் மாட்டியிருந்தா காதைத் திருகி மறுபடி எழுத வச்சிருப்பேன்." மூச்சு விட்டுக்கொண்டு கேட்டாள்: "சரி, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஒதுக்கிடுதுன்னா, பதில் மட்டும் ஏன் மறுநாள் வருது?"

"அதுதான் அண்ணி கொடுமை. வேணும்னே ஒரு நாள் பிடிச்சு வச்சுத்தான் அனுப்புது. யாரோ உக்காந்து படிச்சாங்கன்னு ரெஸ்யூமே அனுப்பினவங்க நெனச்சுக்கட்டுமாம். எவ்வளவு கல்நெஞ்சு இருந்தா இப்படி ஒரு யோசனை வரும்?"

அண்ணி நாற்காலியைத் திரைக்கு அருகே நகர்த்திக்கொண்டாள். ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்துக்கொண்டே போனாள்.

"இதை யாருடி முதல்ல எழுதினது?"

"அந்தக் கம்பெனி இப்ப இல்லையாம். வேற யாரோ வாங்கி, பேரையும் கலரையும் மாத்தி விக்கிறாங்க."

அண்ணியின் கை மவுஸின் மேலேயே நின்றுவிட்டது. முகம் வெளிறிப்போயிருந்தது. நாத்தனார் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க அண்ணி. எந்தப் பாவி எழுதினானோ, அவன் நல்லாவே இருக்க மாட்டான்!"

"அப்படிச் சொல்லாதடி," என்றாள் அண்ணி, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "உடனே வேணாம்னு சொன்னா வர்றவங்க மனசு ஒடிஞ்சுடுமேன்னு, பாவம் பார்த்துத்தான் அந்த ஒரு நாளை வச்சேன். அந்த ரெண்டு வருஷத்தை மட்டும் அடுத்த வாரம் சரி பண்ணிக்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள அத்தை வழுக்கி விழுந்துட்டாங்க."